புற்றுக்குள் நீலம்

நீலமாக ஒன்று புற்றின் வாய்க்குள் போகிறது, திரும்பி வருவதற்குள் நான் கண்ணைச் சிமிட்டிவிடுகிறேன், எப்போதும் இப்படித்தான், மலேசியாவில் கிள்ளானுக்கு அப்பால் கடலோரக் கம்பம், அலை ஏறினால் வாசற்படி வரை உப்புத் தண்ணீர் வரும் ஊர், எங்கள் கொல்லைக் கண்டல் மரத்தில் ஆளுயரத்தில் கறையான் கட்டிய புற்று அது, அதிலிருந்த வட்டப் பொந்தைக் காட்டி, நாகம் வந்திருக்கு அத்த என்று தனபாக்கியம் அண்ணி சொன்ன அன்றுதான் அம்மா வாயை மூடினாள், அதுவரை, கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல, தைப்பூசம் கழியட்டும், எம்மவனுக்கு வேற பொண்ணு பாக்குறேன் என்று அண்ணி காதுபடவே சொல்லிக்கொண்டிருந்தவள், மஞ்சள் துணி வாங்கக் கடைக்கு ஓடினாள், நாகம் குடிவந்த வீட்டில் ஒரு பெண்ணை அழவைக்கலாமா.

மரத்தடியில் பாலும் முட்டையும், விடிந்தால் முட்டை இருக்காது, அம்மாவுக்கு மெய்சிலிர்க்கும், உடும்பு தின்னுருக்கும்மா என்று அண்ணன் முணுமுணுத்தால், கன்னத்துல போட்டுக்கோடா என்பாள், எனக்கோ நாகத்தைப் பார்த்தே ஆகவேண்டும், படம் எவ்வளவு பெரிசு, பகலில் தூங்குமா, சோறு ஆறிப்போவது தெரியாமல் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன், வந்தது நண்டு, அடேயப்பா, கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கொத்தியின் அலகில் உதைத்துக்கொண்டிருக்கிற நண்டு, கிளையில் அதை நாலு சாத்து சாத்திவிட்டுப் பொந்துக்குள் நுழைந்தது, உள்ளே கீச்கீச்சென்று சத்தம், ஓடிப்போய், அண்ணி, அது பாம்பில்ல என்றேன், தெரியும்டி, மொத நாளே தெரியும், ஒங்கம்மாகிட்ட சொல்லிடாத, குஞ்சு பறக்குற மட்டுமாவது நான் நிம்மதியா இருந்துக்கிறேன் என்றாள் அரிசி களைந்தபடியே.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை, அல்லது நான் கனவில் கலந்துவிட்ட ஏதோவொரு வெள்ளிக்கிழமை, அம்மா சூடம் காட்டுகிறாள், புகைக்கு மிரண்டு நீலம் அவள் கொண்டையை உரசிக்கொண்டு வெளியே பாய்கிறது, கெக்கெக்கென்று கத்துகிறது, உள்ளே குஞ்சுகளும் கத்துகின்றன, அம்மா அண்ணியைப் பார்க்கிறாள், அண்ணி முகத்தில் ரத்தமில்லை, அம்மா தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள், நாகம் குஞ்சுக்கு எடம் விட்டுட்டுப் போயிருக்கு, நல்லதுதான், நெருப்பத் தள்ளி வை பாக்கியம், பயப்படுதுல்ல என்றாள், வேறு பெண் என்ற பேச்சு அந்த வீட்டில் அதன்பின் எழவேயில்லை, நம்பித்தான் சொன்னாளா, எல்லாம் புரிந்து சொன்னாளா, கேட்கலாமென்றால் அம்மா இல்லை, அண்ணிக்குப் பிள்ளை பிறக்கவுமில்லை, தலை நரைத்தும் வெள்ளிக்கிழமை தவறாமல் முட்டை வைக்கிறாள், பாம்புதான் இல்லையே அண்ணி, யாருக்கு இது என்று கேட்டேன், ஒங்கம்மாவுக்குடி என்றாள், நீலமாக ஒன்று புற்றின் வாயிலிருந்து வெளியே வருகிறது, நான் இன்னும் கண்ணைச் சிமிட்டவில்லை.