தலத்தெருவில் ஒரு தலை போயிற்று

ஆர்மான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போனவர். பீரங்கிச் சத்தத்தில் குறட்டை விட்டுத் தூங்கியவர். அப்பேர்ப்பட்டவர் ஓய்வூதியத்தோடு காரைக்காலுக்குத் திரும்பித் தலத்தெருவில் குடியேறிய பிறகு ஒரே ஒரு பொருளுக்குப் பயந்தார். மின்விசிறி. ஒரு சுற்று சுற்றினால் போதும், அவருடைய தபால்தலைகள் எழும்பிப் போய்க் குழம்புச் சட்டியில் இறங்கிவிடும்.

அதனால் விடியற்காலை நாலு மணியை அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலைச் சாத்துவார், ஃபேனை நிறுத்துவார், மேசை விளக்கைப் போடுவார். கடித உறைகளிலிருந்து வெட்டிய துண்டுகளைக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க விட்டுக் கைகட்டிக் காத்திருப்பார். பசை இளகியதும் தலை தானாகக் காகிதத்தைக் கைவிடும். அது கைவிடும்போது ஒரு சத்தம் வரும் என்பார். அவர் மனைவி ஒர்த்தான்ஸ் கல்யாணமான நாளிலிருந்து காதைத் தீட்டிப் பார்த்தும் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டதில்லை. பிறகு இடுக்கியால் எடுத்து, மேசைமேல் முகம் குப்புற, முதுகு மேலே தெரியக் காயப்போடுவார்.

'ஸ்டாம்பு' என்று அவர் வாயில் வராது. அது இங்கிலீஷ்காரன் சொல். பிரெஞ்சில் சொன்னால் தெருவுக்குப் புரியாது; ஐயா என்பதற்கு அவரை 'முசே' என்று கூப்பிடுவதோடு தெருவின் பிரெஞ்சு முடிந்தது. தபால்தலை என்று முழுதாகச் சொல்லப் பொறுமை கிடையாது. ஆகவே வெறும் 'தலை'.

அந்தத் தலைகளுக்கெல்லாம் தலை ஒரு நீலம். பிரெஞ்சிந்தியக் காலத்தது. நட்டநடுவில் காரைக்கால் முத்திரை நேராக, வட்டம் கலையாமல் விழுந்திருக்கும். அவரோடு சைகோன் போய்த் திரும்பியது. எதிரிகளிடம் பிடிபட்டபோது, நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் விசாரணைக்குப் பதில் சொன்னதாகச் சொல்லுவார். பதில் தெளிவாக இல்லை என்று விட்டுவிட்டார்களாம்.

பக்கத்து வீட்டுச் சிதம்பரநாதன் அரசு அலுவலகம் ஒன்றில் பெரிய குமாஸ்தா. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பாதி படித்துவிட்டு, "செல்லாது" என்பார். அந்தச் சொல்லை மைசூர்பாகு மாதிரி வாயில் கரையவிட்டுச் சொல்லுவார். உடம்போ வியர்வைக்கென்றே பிறந்த உடம்பு. அவர் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்வதில்லை, பயனில்லை என்பதால். புழுக்கத்தில் தூக்கம் வராமல் ஆர்மான் வீட்டு விளக்கைப் பார்த்து வந்து எதிரில் உட்காருவார். வலது முழங்கையை மேசையில் சாய்ப்பார். நாளாவட்டத்தில் மேசைப் பாலிஷில் அந்தக் கையின் உருவமே பதிந்துவிட்டது.

1979 சித்திரையில், வருஷத்துக்கு ஒரு முறை குளிப்பாட்டும் வழக்கப்படி நீலத்தைக் குளிப்பாட்டிக் காயப்போட்டிருந்தார் ஆர்மான். அன்றைக்கும் சிதம்பரநாதன் வந்தார், இருந்தார், போனார். நீலம் இல்லை.

மேசைக்கடியில் தேடினார். பல்லியை விசாரித்தார். ஒர்த்தான்ஸின் கொண்டையை உதறச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் சிதம்பரநாதன் விடைபெற்றபோது ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். தெருவிளக்கடியில் போனதும் அந்த மனிதர் முழங்கையைத் திருப்பினார். அடியில் ஒரு வியட்நாம் தலை ஒட்டியிருந்தது. நகத்தால் பதமாக உரித்து, வெளிச்சத்தில் பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆர்மான் போட்ட கூச்சலில் தெருவே எழுந்துகொண்டது. "என் தலைய எடுத்துட்டான், ஒர்த்தான்ஸ்! அவன் தலைய எடுக்காம நான் ஓயமாட்டேன்!"

பொழுது விடிவதற்குள் தலத்தெருவில் கொலை விழப்போகிறது என்று பட்டினச்சேரி வரை செய்தி போயிற்று. சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கான்ஸ்டபிள் சோமசேகரன் வந்து நின்றார்.

"முசே, யாரோ தலைய எடுக்கப்போறதா சொன்னீங்களாமே?"

"மொதல்ல என் தலைய எடுத்தது அவன்தாங்க."

சோமசேகரன் ஆர்மானின் கழுத்துக்கு மேலே பார்த்தார். "இருக்குதுங்களே?"

"இது இல்லிங்க. நீலத் தலை."

"ரெண்டு நாளா சரியாத் தூங்கல அவர்," என்று ஒர்த்தான்ஸ் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். சோமசேகரன் காபியைக் குடித்துவிட்டு, பைத்தியத்தின்மேல் கேஸ் போட இடமில்லை என்று போய்விட்டார்.

தெருவிலேயே பயப்படாதவர் சிதம்பரநாதன் ஒருவர்தான். எந்தத் தலை என்று அவருக்குத் தெரியுமே. மறுநாளும் நாலு மணிக்கு வந்து உட்கார்ந்தார்.

"என் நீலத்தக் குடுத்துடுங்க," என்றார் ஆர்மான்.

"கையில ஒட்டிக்கிட்டு எங்கயாச்சும் விழுந்திருக்கும் முசே. நான் என்னத்தக் கண்டேன்? அதுவும் முத்திரை விழுந்த தலை. அது செல்லாதுங்களே!"

ஆர்மான் மேசை விளக்கை அணைத்தார். அவரைச் சைகோனில் மூன்று நாள் கேள்வி கேட்டவர்கள்கூட இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீலத்தைத் திரும்பப் பெறுவது அப்போது வரைக்கும் ஆசையாக இருந்தது. அந்த வார்த்தைக்குப் பிறகு அது வஞ்சமாகிவிட்டது.

சலவைக்கார முத்தையன் அழுக்கெடுக்க வந்தபோது ஆர்மான் அவனிடம் துணியில் குறிபோடும் சேராங்கொட்டை கேட்டார்.

"என்னத்துக்குங்க முசே? உடம்புல பட்டா கொப்புளம் கட்டும். தழும்பு கருப்பா நின்னுடும், கட்டையில போற வரைக்கும் போவாதுங்க."

"போவாதா?"

"போவவே போவாதுங்க."

"நல்ல கொட்டையாப் பாத்துக் குடு முத்தையா."

தன் தலைகளில் ஒன்றைப் பாழாக்க மனம் வரவில்லை. நல்லவேளையாக வளைகுடாப் பக்கத்துச் சின்ன நாடு ஒன்றின் தலை இருந்தது. நாடு சிறுக்கச் சிறுக்கத் தலை பெருக்கும் என்பது அவர் கண்ட உண்மை. பூவரசு இலை அகலத்துக்குக் குதிரைப் படம், காசு பெறாதது. விடியற்காலைகளில் முகக் கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு இடவலம் மாற்றி எழுதப் பழகினார். தபாலாபீஸ் முத்திரை மாதிரி வட்டம், வட்டத்துக்குள் ஒரே சொல். கையை மேசையில் மல்லாக்க வைத்தால் எதிரில் நிற்பவனுக்கு நேராகத் தெரியவேண்டும் என்று கணக்குப் பண்ணினார். பிறகு குச்சியைச் சேராங்கொட்டைப் பாலில் தொட்டுக் குதிரையின் முதுகில் எழுதினார். அதாவது தலையின் முதுகில். அவர் கட்டைவிரலிலும் ஒரு பொட்டுப் பட்டுக் கொப்பளித்தது. அதை அவர் செலவாக எடுத்துக்கொண்டார்.

மேசையில் பதிந்திருந்த கை உருவத்துக்கு நடுவே குதிரையைக் குப்புறப் போட்டு வைத்தார்.

"அது என்னாங்க, இவ்ளோ பெருசா?" என்றார் சிதம்பரநாதன் உட்கார்ந்துகொண்டே.

"அதத் தொட்டுடாதீங்க! உலகத்துலயே ரெண்டுதான். இன்னொண்ணு கப்பலோட முழுகிப்போச்சு."

சிதம்பரநாதனுக்கு அங்கேயே வியர்த்தது. கை மெல்ல இறங்கியது. அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். சேராங்கொட்டைக்கும் அதுதானே வேண்டும். குதிரையோடு அவர் புறப்பட்டபோது ஆர்மான் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

கொப்புளம் கட்டி, உடைந்து, காய்ந்தது. ஆபீசில் ஒரு கிழவர் காகிதத்தை நீட்டினார். சிதம்பரநாதன் அதிசயமாக அன்றைக்குக் கையெழுத்துப் போடப் பேனா கேட்டுக் கையை மேசையில் மல்லாக்க நீட்டினார். கிழவர் குனிந்து பார்த்துவிட்டுக் காகிதத்தை உருவிக்கொண்டார்.

"ஏன்யா எடுக்கிற? போட்டுத் தரேன்."

"வேணாங்க. அதான் எழுதியே போட்டிருக்கீங்களே, செல்லாதுன்னு."

அதற்குப் பின் அந்தக் கை இட்ட கையெழுத்தை யாரும் நம்பவில்லை. காகிதங்கள் அடுத்த மேசைக்குப் போயின. அடுத்த மேசைக்காரனுக்கு மரியாதை கூடியது. வீட்டில் அவர் மனைவி மங்கையர்க்கரசி, "கல்யாணத்தப்பவே இது தெரியாமப்போச்சே," என்றாள். முழுக்கைச் சட்டை போட்டார். வியர்வையில் துணி ஒட்டிக்கொண்டு எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. தபாலாபீசில் கையை ஊன்றி நின்றவரைப் பார்சல் என்று நினைத்து மூட்டைகளோடு நாகப்பட்டினத்துக்கு ஏற்றிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவர் எடைக்கு ஒட்ட அங்கே தபால்தலை ஏது?

அக்கினி நட்சத்திரத்தில் ஒருநாள் நாலு மணிக்கு, சொட்டச் சொட்ட வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு மடிப்புக் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நீலம்.

ஆர்மான் இடுக்கியால் எடுத்தார். பூதக்கண்ணாடியில் நாலு ஓரமும் பார்த்தார். பல் ஒன்றும் உடையவில்லை. ஆல்பத்தில் அதன் இடத்தில் வைத்தார்.

"முசே, நான் பண்ணினது தப்புத்தான். இத அழிச்சு விட்டுடுங்க." சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மேசையில் நீட்டினார் சிதம்பரநாதன்.

ஆர்மான் அதே பூதக்கண்ணாடியை அந்தக் கைமேல் வைத்தார். வட்டம் கலையவில்லை. எழுத்து நேராக விழுந்திருந்தது. நீலத்தின் முத்திரையைவிடவும் சுத்தம்.

"அருமையா விழுந்திருக்குங்க," என்றார். "அழியாது. அழிஞ்சா அது முத்திரையா?"

சிதம்பரநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வியர்வை மேசையில் ஓடியது. "அந்த ஃபேனையாவது போடுங்க முசே. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஆர்மான் ஆல்பத்தை மூடவில்லை.

"போடக் கூடாதுங்க," என்றார். "தலை பறந்துடும்."