எமில் கோச்சவார் வாடகை கட்டவில்லை

1

இந்தக் கதை ஆலங்கட்டி மழையால் எனக்குக் கிடைத்தது. புவெப்லோ நகரில் நான் வீடு மாறியபோது, பழைய வீட்டைக் கொடுத்ததற்கும் புது வீட்டுச் சாவி வந்ததற்கும் நடுவே சில வாரம் இடைவெளி விழுந்துவிட்டது. நெடுஞ்சாலையோரம் இருக்கும் வாடகைக் கிடங்கில் ஓர் அறை எடுத்துச் சாமான்களைப் போட்டிருந்தேன். காலி செய்யப் போன அன்று மதியம், கோலிக்குண்டு அளவுக்கு ஆலங்கட்டி. வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஆபீஸுக்குள் ஓடினேன். மேலாளர் டெல்ஃபீனா அர்ச்சுலேட்டா ஒரு துண்டை எடுத்து என் பக்கம் வீசினாள். தகரக் கூரைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அவள் குரலை உயர்த்தினாள். ஆக, இந்தச் சோகக் கதை முழுவதையும் நான் கத்தலாகத்தான் கேட்டேன். எழுதும்போது சத்தத்தைக் குறைத்திருக்கிறேன்.

[டெல்ஃபீனா என்னைவிட மூத்தவள். ‘அவர்’ என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அவரும் கோச்சவாரும் ஒரே வாக்கியத்தில் வந்தபோது எந்த அவர் எந்த அவர் என்று எனக்கே குழம்பிவிட்டது. இருவரில் ஒருவர் மரியாதையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. டெல்ஃபீனா சரி என்றாள்.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘ரம்பம் பூட்டைத் தொட்டதும் பொறி பறந்தது.’ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படிப்பவர் உள்ளே புதையல் இருக்குமென்று எதிர்பார்ப்பார்.

இரண்டாவது தொடக்கத்தில் கோச்சவாரை ஏழையாக்கினேன். எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் போதவில்லை, மருந்துச் செலவு, வாடகை கட்ட முடியாமல்... [இங்கே நிறுத்தினேன். அவர் ஏழை இல்லை. டெல்ஃபீனாவும் முதலில் இதே தப்பைத்தான் செய்தாள்.]

ஆகவே அந்தத் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

கிடங்கில் வாடகை வராவிட்டால் முதலில் போன். அப்புறம் வாடகைக்காரரின் பூட்டுக்குப் பக்கத்திலேயே நிறுவனத்தின் சிவப்புப் பூட்டு ஒன்று ஏறும். அப்புறம் பதிவுத் தபால். அப்புறம் பேப்பரில் விளம்பரம். கடைசியில் பூட்டை அறுத்து, உள்ளே இருப்பதை இருந்தபடியே ஏலம் விட்டுவிடுவார்கள். ஏலம் தொடங்கும்வரை பாக்கியைக் கட்டினால் எல்லாம் நின்றுவிடும்.

டெல்ஃபீனா இதில் இளகிய மனசுக்காரி இல்லை. தன் ஒன்றுவிட்ட தம்பி ரூபனின் அறையையே ஏலம் விட்டவள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குச் சித்தி வீட்டுக்குப் போனால், அவள் முறை வரும்போது மட்டும், சோளமாவில் இறைச்சி வைத்து அவிக்கும் தமாலே தீர்ந்துபோயிருந்தது. “தட்டுல சோளம் வச்சாங்க. வெறும் சோளம்” என்று என்னிடம் சொன்னாள். போனில் வரும் சாக்குகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். செக் தபாலில் இருக்கிறது, தபாலைத் தண்ணீர் அடித்துப் போயிற்று, மச்சான் கட்டுவதாகச் சொன்னான், மச்சான் ஜெயிலுக்குப் போய்விட்டான்.

எமில் கோச்சவார் எந்தச் சாக்கும் சொன்னதில்லை. பல வருஷமாக மாதப் பிறப்பன்று நேரில் வருவார், கட்டுவார், தன் அறைக்கு நடப்பார். ஷட்டரைத் திறக்கமாட்டார். பூட்டைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்ப்பார், சற்று நிற்பார், போய்விடுவார்.

உள்ளே என்ன இருக்கிறதென்று டெல்ஃபீனாவுக்குத் தெரியும். முதல் நாள் அவர் லாரியில் கொண்டுவந்து இறக்கும்போது பார்த்திருக்கிறாள். ஏற்றி இறக்கும் சலூன் நாற்காலி இரண்டு, தலைக்கு மேல் கவிழ்க்கும் டிரையர்கள், ஆளுயரக் கண்ணாடிகள். அவர் மகள் ரெனாட்டா நார்த்தர்ன் அவென்யூவில் சலூன் போட்டிருந்தாள். கடன் வாங்கித் திறந்த கடை. திறந்த அதே குளிர்காலத்தில், வால்சன்பர்க் போகும் சாலையில், பனியில் வண்டி சறுக்கி இறந்துபோனாள். கட்டடச் சொந்தக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டார். அப்பா சாமான்களை இங்கே கொண்டுவந்தார்.

அப்படிப்பட்ட மனிதர் வாடகை கட்டுவதை நிறுத்தினால் என்ன நினைப்பீர்கள்? கையில் பணமில்லை, சொல்ல வெட்கம். டெல்ஃபீனாவும் அதைத்தான் நினைத்தாள். போன் போட்டாள், எடுக்கவில்லை. அபராதத்தைத் தள்ளுபடி செய்தாள். ஏலப் பட்டியலிலிருந்து அவர் பெயரைத் தூக்கினாள். அடுத்த ஏலத்திலும் தூக்கினாள். ஒரு மாத வாடகையைத் தன் கைக்காசிலிருந்து போட்டாள். வீட்டில் சொல்லவில்லை.

3

அவர் வந்தார். செப்டம்பர் மாதம். எதிர்க் கடை வாசலில் மிளகாய் வறுக்கும் கம்பி உருளை சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறந்ததும் அந்த வாசனையும் கூடவே உள்ளே வந்தது.

“வாங்க சார். எங்க ரொம்ப நாளா காணோம்?”

“போன வாரம் ஏலம் நடந்துச்சா?”

“நடந்துச்சு. பயப்படாதீங்க, உங்க பேர எடுத்துட்டேன்.”

“யாரு எடுக்கச் சொன்னது?”

டெல்ஃபீனாவுக்குப் புரியவில்லை. “யாரும் சொல்லல. நானாத்தான். ஒண்ணும் அவசரமில்ல சார். முடியறப்ப கட்டுங்க. கொஞ்சங் கொஞ்சமாக்கூடக் கட்டலாம்.”

கோச்சவார் பையிலிருந்து பர்ஸை எடுத்து, விரித்து, கவுண்டர் மேல் வைத்தார். உள்ளே நோட்டுகள் இருந்தன.

“பணம் இருக்கும்மா. கட்டமாட்டேன்.”

“அப்புறம் ஏன் சார்?”

“என் சம்சாரம் இர்மாவுக்காகக் கட்டினேன். பொண்ணோட கடை எங்கயோ ஒரு இடத்துல அப்படியே இருக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். போன வசந்தத்துல அவளும் போயிட்டா. இப்ப நான் ஒருத்தன்தான். என்னால அந்தக் கதவத் திறக்க முடியல. லாரிக்கு ஆள் பேசுறேன், வர்றான், நானே காசு குடுத்துத் திருப்பி அனுப்பிடறேன்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நாங்களே காலி பண்ணிடுவோம்.”

“கையெழுத்துப் போட்டா நான் குடுத்த மாதிரி ஆயிடும்.”

டெல்ஃபீனா இழுப்பறையிலிருந்து எடுத்த படிவத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

“நான் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்னு நினைச்சேன். சும்மா இருக்கிறது. நீங்க தபால் போடுவீங்க, விளம்பரம் குடுப்பீங்க, பூட்ட அறுப்பீங்க, எவனோ அள்ளிட்டுப் போவான். நான் வீட்ல உக்காந்திருப்பேன். வாரா வாரம் உக்காந்திருந்தேன். இன்னிக்கு முடிஞ்சிருக்கும், இன்னிக்கு முடிஞ்சிருக்கும்னு. நீ அதையும் கெடுத்துட்ட.” பர்ஸை மடித்தார். “எனக்கு நல்லது பண்றத நிறுத்தும்மா.”

கதவு வரை போனவர் திரும்பி, “உம்மேல கோபமில்ல” என்றார். அவருக்குக் கோபம்தான் என்று டெல்ஃபீனாவுக்குத் தெரிந்தது.

[இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு மனிதர் இருப்பாரா? கதைக்காக நான் வளைத்துவிட்டேனா? பிறகு என் புது வீட்டில் இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கும் ஓர் அட்டைப்பெட்டி நினைவுக்கு வந்தது. சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் பெட்டி இந்தக் கதையில் வராது.]

துக்கம் என்பது ஒரு... [‘துக்கம் என்பது’ என்று தொடங்கும் எதையும் இங்கே முடிக்கப் போவதில்லை.]

அன்று சாயங்காலம் டெல்ஃபீனா வறுத்த மிளகாயின் தோலை உரித்துக்கொண்டே அழுததாக ஒரு காட்சி எழுதினேன். நேற்று போனில் அவளுக்கு இதை வாசித்துக் காட்டியபோது சிரித்தாள். கையுறை போட்டுத்தான் உரிப்பாளாம். அன்று அழவும் இல்லையாம். ஆபீஸிலேயே உட்கார்ந்து, அடுத்த ஏலப் பட்டியலில் அவர் பெயரை ஏற்றினாளாம். “பேர ரெண்டு தடவ தப்பா அடிச்சேன். அத வேணா எழுதிக்க” என்றாள்.

4

ஏலம் அக்டோபரில் நடந்தது. இணையத்துக்கு மாறாமல் இன்னும் நேரில்தான் கூவிக்கொண்டிருந்தார்கள். வாங்க வருகிறவர்கள் வாசலில் நின்று பார்க்கலாம், உள்ளே கால் வைக்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது. வழக்கமாக வருபவர்கள்தான், ஏழெட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை போடும் டுவெயின் ஹேட்ச் முன்னால் நின்றான்.

எதிர்ப்பக்கம், வேலிக்கு வெளியே, கோச்சவாரின் பிக்கப் வண்டி நின்றிருந்தது. வீட்டில் உட்கார்ந்திருப்பேன் என்றவர் வந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

டெல்ஃபீனா பூட்டை அறுத்தாள். ஷட்டர் மேலே போயிற்று. டார்ச் வெளிச்சம் உள்ளே பாய்ந்த வேகத்தில் திரும்பி வெளியே வந்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். ஆளுயரக் கண்ணாடிகள் வாசலைப் பார்த்தபடி சாத்தியிருந்தன. கண்ணாடிக்குள் அதே ஏழெட்டுப் பேர், கையில் டார்ச்சோடு. ஒருவர் தன்னையறியாமல் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

“டெல், எனக்கு இன்னிக்கு முடி வெட்டி விடுவாங்களா?” என்றான் டுவெயின்.

“தொப்பியக் கழட்டு. வெட்ட ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாக்கலாம்.”

சிரித்தார்கள். டெல்ஃபீனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிக்கப்பைப் பார்த்தாள். அவர் இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஷட்டரை இறக்கிவிடலாம். ஏல விதிகளை வாசிக்க ஆரம்பித்தாள். ரொம்ப மெதுவாக வாசித்தாள். எப்போதும் விட்டுவிடும் பகுதிகளையும் வாசித்தாள்.

“என்னடி இது, பூசை நடத்துறியா?” என்றான் டுவெயின்.

அப்போது பிக்கப் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. பின்னால் வரும் லாரிக்கு வழி காட்டுவதுபோல, வா, வா, இன்னும் வா, என்று இரண்டு மூன்று தடவை அசைந்தது. கை உள்ளே போயிற்று. வண்டி கிளம்பிவிட்டது.

டெல்ஃபீனா விலை கேட்க ஆரம்பித்தாள். டுவெயின் எடுத்தான்.

[முதல் பிரதியில் இந்த ஏலத்துக்கு ஓர் இளம்பெண்ணை அனுப்பியிருந்தேன். அழகுக்கலைப் படிப்பை அப்போதுதான் முடித்தவள். மொத்தத்தையும் வாங்கி, அதே தெருவில் கடை திறந்து, முதல் ஆளாகக் கோச்சவாருக்கே முடி வெட்டினாள். இரண்டு பக்கம் எழுதினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. வாசித்துக் காட்டினேன். “அந்த நாற்காலி எங்க போச்சுன்னு கேளு” என்றாள் டெல்ஃபீனா. “ஒண்ண எவனோ கராஜ்ல போட்டு ஃபுட்பால் பாக்கறான். இன்னொண்ணு ஏற மாட்டேங்குதுன்னு டுவெயின் பழைய இரும்புக்குப் போட்டுட்டான்.”]

5

வாங்கியவர்கள் சொந்தப் பொருள்களை ஆபீஸில் திருப்பித் தரவேண்டும். போட்டோ, சான்றிதழ், அஸ்தி, இந்த மாதிரி. டுவெயின் ஒரு பெட்டி கொண்டுவந்தான். கண்ணாடி விளிம்பில் செருகியிருந்த படங்கள், ஃபிரேம் போட்ட சலூன் லைசென்ஸ், ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு. மேலாக ஓர் உருண்டை பிரஷ்.

“இத எதுக்குக் கொண்டு வந்த?”

“முடி சுத்தியிருக்கு அதுல.”

“அதனால?”

“விக்கவும் முடியல. குப்பைல போடவும் கை வரல.” அவன் அன்று கிண்டல் எதுவும் பேசவில்லை. “எனக்கும் பொண்ணு இருக்கா, டெல்.”

படத்தில் ரெனாட்டாவின் முடி சிவப்பு, சாயம் ஏற்றியது. பிரஷில் இருந்தது பழுப்பு. சாயம் போடுவதற்கு முன் அவளே சீவிக்கொண்டதா, கடைக்கு வந்த எவளோ ஒருத்தியுடையதா? பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவர்தான் மிச்சம்.

விதிப்படி டெல்ஃபீனா கோச்சவாருக்கு ஒரு தபால் போட்டாள். பதில் இல்லை. கெடு முடிந்தால் பெட்டியைக் குப்பையில் போடலாம். போடவில்லை. பெட்டி கவுண்டருக்கு அடியில், அவள் கால் படுகிற இடத்தில், குளிர்காலம் முழுக்க இருந்தது. நான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு நின்ற அன்றும் இருந்தது.

இப்போது நிறுவனம் ஆபீஸை மூடுகிறது. இந்த மாதக் கடைசியோடு டெல்ஃபீனாவுக்கு வேலை இல்லை. வாசலில் மெஷின் வைக்கப்போகிறார்கள். பாக்கி கேட்டுப் போன் போடுவதும் மெஷின்தான். அதற்கு யார் பெயரையும் தூக்கத் தெரியாது.

6

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவள் போன் போடுகிறாள். கோச்சவார் வருகிறார். படங்களைப் பார்க்கவில்லை. பிரஷை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “இது அவ

[இதற்கு மேல் போகவில்லை. அவளுடையதென்றால் ஏலம் விட்டதெல்லாம் வீண். இல்லையென்றால் அதைவிட மோசம்.]

இரண்டாவது முடிவில் போன் போடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் பெரிய குப்பைத் தொட்டிக்குப் போகிறாள். அவர் கேட்டுக்கொண்டபடி நல்லது எதுவும் செய்யாமல்... [இதில் அவள் தொட்டிக்கும் ஆபீஸுக்கும் நடுவிலேயே நிற்கிறாள். எத்தனை தடவை எழுதினாலும் நகரமாட்டேன் என்கிறாள்.]

நேற்று இதுவரை வாசித்துக் காட்டிவிட்டு நிறுத்தினேன்.

“அப்புறம்?” என்றாள்.

“இன்னும் எழுதல.”

டெல்ஃபீனா சொன்னாள்: “ஒண்ணு செய். நீ முடிச்சு அனுப்பு. நீ என்ன எழுதியிருக்கியோ அத அப்படியே செஞ்சிடறேன்.”

“விளையாடாத.”

“விளையாடல. ஒரு தடவ நானா முடிவு பண்ணி அந்த மனுஷனக் கஷ்டப்படுத்திட்டேன். இந்தத் தடவ வேற யாராவது சொல்லட்டும்.”

அதிலிருந்து என் பேனா ஓடவில்லை. கதையில் ஒரு வரி எழுதினால், நெடுஞ்சாலையோரத்தில் ஒரு பெண் எழுந்து அதைச் செய்துவிடுவாள். நிஜமான ஒரு கிழவர் வீட்டில் மணி அடிக்கும், அல்லது அடிக்காது. அந்த வரி என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். நான் ஒரு சொல் மாற்றாமல் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். தொடக்கம் மட்டும் போட்டுத் தருகிறேன்:

டெல்ஃபீனா குனிந்து பெட்டியை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தாள். பிறகு