வளையலில் இருந்த ஊக்கு

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என் மகன் வெங்கடேசனின் டீசல் கார் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதுதான் எங்களுக்குச் சோறு போடுகிற வண்டி. கல்வராயன் மலைக்கு ஆள் ஏற்றிப் போவான். வெள்ளிமலை ஏற்றத்தில் கடகடவென்று சத்தம் வருகிறது என்று கள்ளக்குறிச்சி மெக்கானிக் தமிழழகனை வரச் சொல்லியிருந்தான்.

தமிழழகனுக்கு வாய் ஜாஸ்தி. என்ஜினுக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றி என்னிடம் காட்டினான். உள்ளே ஒவ்வொரு வழியிலும் ஒரு சின்னத் தகடு, கரி அப்பி, ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்துக்கினியா ஆயா? இந்தத் தகடோ, இதோட ஸ்க்ரூவோ கழண்டு உள்ள போச்சு, என்ஜின் காலி. அதான் எல்லாத்தையும் புடுங்கிட்டு தகடு மாட்டுன ஓட்டைய அடைச்சிடப் போறேன்."

"தகடு இல்லாம வண்டி ஓடுமா?"

"பல்லு இல்லாம நீ பேசல?"

தகடுகளைப் பிடுங்கி எடுத்தான். உள்ளே எதுவும் விழாதபடி என்ஜின் பக்கத்து ஓட்டைகளில் துணியைத் திணித்தான். "யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, குழாய் மூட்டில் வைக்கிற கேஸ்கட் வாங்க வெங்கடேசனையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான்.

நான் கை வைத்தேன். வெள்ளிக்கிழமை பிரித்துப் போட்ட வண்டிக்குப் பொட்டு வைக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய்த் துணிக்கா பொட்டு வைப்பது? ஒவ்வொரு துணியாக உருவி, ஓட்டை விளிம்பில் குங்குமம் வைத்து, பழையபடி திணித்தேன். கை கழுவும்போதுதான் பார்த்தேன். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் காணோம்.

வாசலெல்லாம் தேடினேன். அதற்குள் பைக் வந்துவிட்டது. வெங்கடேசன் வீட்டுக்குள் போனான். தமிழழகன் துணியை உருவிவிட்டுச் சிரித்தான்.

"இன்னா ஆயா இது, என்ஜினுக்குக் கல்யாணமா? வேற ஒண்ணும் உள்ள வுழுவலியே?"

"இல்லப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மகன் திட்டுவானே என்ற பயம்தான். தமிழழகன் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, பேசிக்கொண்டே குழாயை மாட்டினான். மத்தியானம் நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "கொழம்பு சூப்பரு ஆயா" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வெங்கடேசன் சீட்டில் உட்கார்ந்தான். "தமிழு, என்ஜினுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னதான் கேப்பேன்."

"கேளுய்யா. என் வேல, என் பொறுப்பு."

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. ஓடிப்போய் மகன் கையைப் பிடித்தேன்.

"சாவியத் திருப்பாதடா! என் ஊக்கு உள்ள வுழுந்துடுச்சி."

"எம்மா! உனுக்கு இன்னா வேல அங்க? அதான் கை வெக்காதன்னு சொன்னானே!"

தமிழழகன் ஸ்பேனரை எடுத்தான். மாட்டியதையெல்லாம் மறுபடி கழற்றினான். நுனியில் காந்தம் வைத்த கம்பி ஒன்றை ஒவ்வொரு ஓட்டையாக விட்டுத் துழாவினான். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது ஓட்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

கரி பிடித்த சின்ன ஸ்க்ரூ. அவன் காலையில் கழற்றிய தகட்டினுடையது; குழாயிலேயே தங்கி, மாட்டும்போது உள்ளே விழுந்திருக்கிறது.

அவன் முகம் செத்துப்போனது. உள்ளங்கையில் அதை மூடிக்கொண்டு, மீதி ஓட்டைகளையும் பார்த்தான். வேறு எதுவும் இல்லை.

"கெடைச்சுதா?" என்று வெங்கடேசன் சீட்டிலிருந்தே கத்தினான்.

"ம்... ஊக்குதான். கெடைச்சுடுச்சி."

"பாத்தியாம்மா? உன் ஊக்கால என் பொழப்பே போயிருக்கும்!"

நான் வாயைத் திறந்தேன். தமிழழகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரை நாளாக, பழி அவன் தலையில் விழட்டும் என்று இருந்தவள் நான்.

"ஆமாண்டா, என் தப்புதான்" என்றேன்.

திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினார்கள். வண்டி அந்தக் கடகடச் சத்தமில்லாமல் உறுமியது. குங்குமக் கிண்ணத்தை எடுத்து வைக்க உள்ளே போனேன். குங்குமத்துக்குள் புதைந்து கிடந்தது என் ஊக்கு. பழக்க தோஷம், எடுத்து வளையலில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

தமிழழகன் கை கழுவ நின்றான். சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அவன் கண் என் வளையலில் நின்றது. ஊக்கில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

"ஆயா..."

"நல்லா தேய்ச்சிக் கழுவு. கரி இன்னும் போவல" என்றேன்.