தரையைப் பார்த்த கூட்டம்

கூட்டம் சேர்ப்பதற்குப் பவித்ரன் ஒரு வழி வைத்திருந்தான். ரொம்பச் சுலபமான வழி. வாயைத் திறக்கக் கூடாது. தரையில் ஏதாவது ஓரிடத்தை, உலகத்தில் அதைத் தவிர வேறு எதுவுமே இல்லை என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போகிறவன் ஒருவன் நிற்பான். அவன் நிற்கிறானே என்று இன்னொருவன் நிற்பான். ஆள் போதும் என்று தோன்றியதும் சட்டென்று நிமிர்ந்து, வெறுங்கையைக் காட்டி, காற்றிலிருந்து ஒரு சிவப்புப் பந்தை எடுக்க வேண்டும். அவ்வளவுதான், அதற்குப் பிறகு கூட்டம் அவன் சொன்னபடி கேட்கும்.

மலேசியாவில், ஈப்போ பழைய நகரத்தில், வெளியூர்க்காரர்கள் கையில் ஐஸும் கைப்பேசியுமாக அலைகிற சந்துகளில், இது ஒருமுறைகூடப் பிசகியதில்லை. ஆனால் அங்கே அனுமதி இல்லாமல் வித்தை காட்டினால் விரட்டிவிடுவார்கள். அனுமதிக்கு யார் பெயரைக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது தெருக்கலைஞர் சங்கம். சங்கத்திலிருந்து தினேஸ்வரி என்கிற பெண் அன்றைக்கு அவனைச் சோதிக்க வந்திருந்தாள். சோதனையைப் பழைய நகரத்தில் வைக்காமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் புந்தோங் சந்தைப் பக்கம் வைத்தாள். வேடிக்கை பார்க்கவே வந்தவர்களை எவன் வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம்; மீனும் கீரையும் வாங்கக் கிளம்பியவர்களைக் கால்மணி நேரம் நிறுத்தினால்தான் அவன் வித்தைக்காரன் என்பது அவள் கட்சி. தப்பு சொல்ல முடியாது.

பவித்ரன் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவன். வித்தைக்காகப் பாதி நாள் வேலையாகக் குறைத்துக்கொண்டு அரை வருஷமாகிறது. இன்றைக்குக் கூட்டம் நிற்கவில்லையென்றால் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, நாளையிலிருந்து முழுநேரமாகப் பஸ்ஸுக்கே போய்விடுவதாக மனைவி பிரமிளாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அவள் நல்லவள்தான். வித்தை வேண்டாமென்று ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் சமையலறையில் அவன் பந்தை மறைத்துக் காட்டும்போது, "சரி சரி, அந்தத் தட்ட இங்கிட்டு நகத்துங்க" என்பாள். அது அவனுக்கு வலிக்கும். சண்டையே போட்டிருக்கலாம் என்று தோன்றும்.

ஜைனுலாப்தீன் பாய் தன் சாப்பாட்டுக் கடைக்கு முன்னாலிருந்த இடத்தைக் கொடுத்தார். தினேஸ்வரி கடைக்குள்ளே ஒரு மேசையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தாள். பவித்ரன் பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, சாக்கடை ஓரமாக வந்து, குனிந்து, தரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

இங்கேதான் அவன் புத்தி கொஞ்சம் மழுங்கிப் போயிருந்தது. புந்தோங்கில் பாதிப் பேர் ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்தவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள். ஒருத்தன் குனிந்து தரையைப் பார்த்தால் அந்தச் சனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா? கூடவே குனியும். அவனும் அந்தச் சனத்தில் ஒருத்தன்தான். சுங்காய்ப் பக்கம் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவனுக்கு இது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முதலில் வந்தவர் பத்துமலை அண்ணன். தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், முட்டிவலிக்காரர்.

"என்னா தம்பி தொலச்சிட்ட?"

பவித்ரன் வாயைத் திறக்கவில்லை. பேசினால் கூட்டம் சேராது, அது தொழில் விதி. ஒரு விரலை மட்டும் உதட்டில் வைத்துக் காட்டினான்.

பத்துமலை அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய பொருளைப் பறிகொடுத்தவன் என்று அவருக்கு மனசு இளகிவிட்டது. காய்கறிப் பையை ஓரமாக வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டி போட்டார். "வெளிச்சம் பத்தல. பாய், டார்ச் இருந்தா எடுத்தாங்க லா."

பாய் டார்ச்சோடு வந்தார். கச்சாங் பூத்தே வாங்க வந்த இரண்டு பெண்கள், கடலைப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பத்தால் இலைதழையை ஒதுக்கினார்கள். ஒரு சீனக் கிழவி அடுப்புக்கரி எடுக்கிற இடுக்கியைக் கொண்டுவந்து சாக்கடைக் கம்பிக்குள்ளே விட்டாள். மோட்டார் சைக்கிளில் போன பையன்கள் வண்டியை நிறுத்திவிட்டு டயருக்கடியில் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் கால் வைக்க இடமில்லை.

பவித்ரனுக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது. அடேயப்பா, என்ன கூட்டம்! பழைய நகரத்தில் இதில் பாதிகூடச் சேர்ந்ததில்லை. சட்டென்று நிமிர்ந்தான். வெறுங்கையைக் காட்டினான். காற்றிலிருந்து சிவப்புப் பந்தை எடுத்தான். அன்றைக்கு அவன் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது.

ஒரு ஜீவனும் பார்க்கவில்லை. எங்கே பார்த்தாலும் முதுகு. சீனக் கிழவி மட்டும் தலையைத் தூக்கி, "போலா நன்தி லா! சாரி டூலு!" என்று அதட்டினாள். பந்து அப்புறம், முதலில் தேடு என்கிறாள்.

அவன் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் குனிந்தான். கூட்டம் சேர்ந்துவிட்டதா, சேரவில்லையா? நிற்கிறதா, நிற்கவில்லையா? இதற்கு என்ன பெயர் என்றே அவனுக்கு விளங்கவில்லை.

அதற்குள் பேச்சு அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மோதிரம் என்றார்கள். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறானே, அப்படியானால் சங்கிலி என்றார்கள். பாம்பு ஒன்று சாக்கடைக்குள் போய்விட்டதாம் என்று ஒருத்தன் குச்சியோடு வந்தான். பிறகு யாரோ ஒரு பெண், "பாவம் லா, பொண்டாட்டி தாலிய அடகுலேருந்து மீட்டுக்கிட்டு வந்திருக்கான், இங்க கை நழுவிருச்சு" என்று பக்கத்திலிருந்து பார்த்த மாதிரியே சொன்னாள். அதுதான் எல்லாருக்கும் பிடித்தது. தேடல் மும்முரமாகிவிட்டது.

இந்த நேரத்தில்தானா பிரமிளா வர வேண்டும்? மீன் பையோடு சந்தையிலிருந்து திரும்பியவள், எவனோ பொண்டாட்டி தாலியைத் தொலைத்துவிட்டானாம் என்று கேட்டுப் பரிதாபப்பட்டுத்தான் கூட்டத்துக்குள் நுழைந்தாள். நடுவில் தன் புருஷன் மண்டி போட்டிருப்பதைப் பார்த்ததும் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தாலி இருந்தது.

"ஏங்க, என்னாங்க இது?"

"இவங்கதான் சம்சாரமா?" என்று பத்துமலை பதறினார். "ஏசாத தாயி. கிடைச்சிரும், உன் தாலி எங்கயும் போயிருக்காது."

"என் தாலி இந்தா என் கழுத்துல இருக்கு."

துடைப்பம் நின்றது. பின்னால் எங்கேயோ ஒருத்தி மெதுவாக, "அப்ப இது யாரு தாலி?" என்றாள்.

அப்போதுதான் எல்லாரும் பவித்ரனைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக எந்தப் பார்வைக்காக ஏங்கினானோ அந்தப் பார்வை. ஒருத்தரும் கண் சிமிட்டவில்லை. கைப்பேசியைக்கூட யாரும் தூக்கவில்லை.

"ஒண்ணும் தொலையல," என்றான். "சத்தியமா ஒண்ணும் தொலையல. நான் வித்த காட்றவன். கூட்டம் சேரணும்னு சும்மா தரைய பாத்துக்கிட்டு இருந்தேன். அவ்ளோதான்."

உண்மையைச் சொன்னவன் முகம் உண்மை சொன்னவன் முகம் மாதிரி இருந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன முகம், வியர்த்து வெளிறி, களவு செய்து பிடிபட்டவன் முகம் மாதிரி இருந்தது. யாரும் நம்பவில்லை.

பத்துமலை பெருமூச்சு விட்டார். "சம்சாரத்துக்கு முன்னால சொல்ல முடியாத பொருள் போல. கேக்காதீங்க லா. தேடுங்க."

எல்லாரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் தேடினார்கள். பிரமிளா மீன் பையைக் கீழே வைத்தாள். பாவாடையை முட்டிவரை தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடை ஓரம் உட்கார்ந்து, சேற்றுக்குள் கையை விட்டாள்.

"நீ எதுக்கு பிரமி? ஒண்ணுமே இல்லங்கறேன்."

"எதுன்னு நீங்க சொல்ல மாட்டீங்க. கிடைச்சா எனக்குத் தெரியுமில்ல."

கோபத்தில் சொன்னாளா, ஆதரவாகச் சொன்னாளா? சந்தேகப்பட்டுத் தேடுகிறாளா, அவனுக்காகத் தேடுகிறாளா? பவித்ரன் அவள் முகத்தை எட்டிப் பார்த்தான். குனிந்திருந்த முகத்தில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உதவிக்குக் கடைப் பக்கம் திரும்பினான். தினேஸ்வரி மேசையில் இல்லை. அவளும் இறங்கி வந்து, நல்ல செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பூந்தொட்டிகளுக்கிடையே தேடிக்கொண்டிருந்தாள்.

பாய் கடைக்குள்ளிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்தார். சாக்கடை மேலிருந்த சிமெண்டுப் பலகையைத் தூக்கிவிடலாம் என்று பையன்கள் முடிவு செய்தார்கள். நாலு பேர் நெம்பினார்கள். பலகை ஒரு சாண் எழும்பியதும், பத்துமலை தரையோடு தரையாகப் படுத்துத் தன் கையை அடியில் நுழைத்தார்.

கடப்பாரை வழுக்குவது பவித்ரன் கண்ணில் பட்டது.

"கெடச்சிருச்சு!" என்று கத்தினான். "கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு! கைய எடுங்கண்ணே!"

பத்துமலை கையை இழுத்துக்கொண்டார். பலகை தொம்மென்று விழுந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது, பவித்ரன் ஒரு கையை இறுக்க மூடித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

அப்படி ஒரு கைத்தட்டலை அவன் கேட்டதில்லை. விசிலடித்தார்கள். பாய் அல்லாவுக்கு நன்றி சொன்னார். சீனக் கிழவி இடுக்கியைத் தட்டிக் கூத்தாடினாள். பத்துமலையை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அவர் வந்து, சேறு படிந்த கையால் பவித்ரன் கன்னத்தைத் தடவி, "இனிமே பத்திரமா வச்சிக்க தம்பி," என்றார். கண் கலங்கியிருந்தது. பவித்ரனுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கைக்குள்ளே என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் வீட்டு விஷயம் அவனோடு என்று விட்டுவிட்டார்கள். காய்கறிப் பைகளைத் தேடி எடுத்துக்கொண்டு, கைகால் கழுவிக்கொண்டு, சந்தோஷமாகப் பேசியபடி கலைந்து போனார்கள்.

தினேஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "நல்ல வேள கெடச்சுதுண்ணே. ஆனா ஷோ நடக்கலயே. பேர நான் இன்னைக்கே குடுக்கணும். இருக்கறது ஒரே எடம். இந்தத் தடவ வேற ஆளுக்குப் போயிரும், மனசுல வச்சிக்காதீங்க."

இதுதாம்மா ஷோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கால்மணி என்ன, ஒரு மணி நேரம் நிறுத்திவைத்திருந்தான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் பிரமிளா முழங்கைவரை கறுப்புச் சேறோடு நின்றுகொண்டிருந்தாள். பத்துமலை தெருமுனையில் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நின்றார். பவித்ரன் வார்த்தையை விழுங்கிவிட்டான்.

"சரிம்மா," என்றான். அவள் போனாள். எல்லாம் முடிந்தது. நாளைக்குப் பஸ்.

மூடிய கையை மூடியபடியே வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"காட்டுங்க," என்றாள் பிரமிளா.

"பிரமி..."

"காட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

விரித்தான். வெறுங்கை.

பிரமிளா அந்தக் கையைப் பிடித்தாள். புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுத் தடவினாள். இன்னொரு கையையும் இழுத்துப் பார்த்தாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அவன் கையை இப்படிப் பார்த்ததே இல்லை.

"இப்பதான இருந்துச்சு," என்றாள். குரல் குழந்தைக் குரல் மாதிரி ஆகிவிட்டது. "எங்க போச்சு?"

பவித்ரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷமா துக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"உள்ள ஒண்ணுமே இல்ல பிரமி. மொதல்லேருந்தே ஒண்ணும் இல்ல."

"சும்மா இருங்க," என்றாள் அவள். மறுபடியும் அந்தக் கையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரித்துப் பார்த்தாள்.