அவன் போகாத இடம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அடுத்த வீட்டு ஹெலெத் தோட்டச் சுவருக்கு மேலே நின்று சொன்னது. அவள் கணவன் க்விந்தாவ் முடிவை வேறு மாதிரிச் சொன்னான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

‘வேல்ஸ் மலைகளின் மேல் மேகம் தாழ்ந்து...’

வேண்டாம். மேகத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.

2

அவர்களுடைய ஒரே மகன் போன வருடம் மூளைக்காய்ச்சலில் இறந்தான். பத்தொன்பது வயது. மே மாத விடுமுறை வந்தது. எங்கே போவது? பார்மவுத் கடற்கரையில் அவன் நண்டு பிடித்திருக்கிறான். பாலா ஏரியில் நீந்தியிருக்கிறான். எந்த ஊரைச் சொன்னாலும் அவன் முன்பே போய் நிற்கிறான்.

“போனையே கேப்போம்,” என்றான் க்விந்தாவ். வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளியைப் பொறுக்கித் தரும் செயலி அது. பாலாவுக்குத் தெற்கே ஒரு மலைச்சரிவைக் காட்டியது. பாதைகூட இல்லை.

“அங்க அவன் போயிருக்க மாட்டான்,” என்றாள் ஹெலெத்.

3

(ஏறியதை நீளமாக எழுதி அடித்துவிட்டேன். அவள் பூட்ஸ் சேற்றில் புதைந்த இடத்தை மட்டும் விட்டுவைக்கிறேன்.

“தூக்கிட்டுப் போகவா?”

“உன் முதுகுவலிய வச்சுக்கிட்டா? அப்புறம் ரெண்டு பேரையும் ஹெலிகாப்டர்லதான் எறக்கணும்.”

இருவரும் சிரித்தார்களாம்.)

ஆடுகளைப் பார்க்க வந்த பண்ணைக்காரி வண்டியை நிறுத்தினாள்.

“வழி தவறிட்டீங்களா?”

“இல்ல. அதோ, அந்தச் சரிவுக்குத்தான் போறோம்.”

“அங்க ஒண்ணுமே இல்லையே.”

“அதுக்காகத்தான்,” என்றாள் ஹெலெத்.

பண்ணைக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். வேலிக் கேட்டைத் திறந்துவிட்டாள்.

4

புள்ளி வந்தது. புல், ஆட்டுப்புழுக்கை, காற்று. உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அவன் இல்லாத இடம் என்பது...

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

“அவன் ஒரு தடவையாவது இதப் பாத்திருக்கலாம்,” என்றாள் ஹெலெத்.

இதுவரை இருவர் சொன்னதும் ஒன்றுதான்.

க்விந்தாவ் சொல்வது: “மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட எழுந்தா. நான் கையப் புடிச்சேன். அவன் இல்லாத இந்த ஒரு இடமாவது மிஞ்சட்டும்னேன். உக்காந்துட்டா.”

ஹெலெத் சொல்வது: “கூப்பிட்டதே க்விந்தாவ்தான். ஆடெல்லாம் தலையத் தூக்கிப் பாத்துச்சு.”

5

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எதை எடுத்தாலும் ஒருவரைப் பொய்யர் ஆக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் இருவருமே சொன்னார்கள். ஒரு வருடமாக அந்த வீட்டில் மகனைப் பற்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச்சே இல்லை. அன்று இறங்கும் வழி முழுக்க, கார் வரைக்கும், அவனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.