கைதட்டலுக்கு நிறுத்தவும்

இருபது வருடம் மந்திரிக்குப் பேச்சு எழுதினேன். எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, எங்கே என்ன செய்ய வேண்டும் என்பதையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். (கைதட்டலுக்கு நிறுத்தவும்.) (தண்ணீர் குடிக்கவும்.) (கைக்குட்டையை எடுக்கவும்.) ஒருமுறை தண்ணீரை மறந்துவிட்டேன். மனிதர் இரண்டு மணி நேரம் இருமிக்கொண்டே பேசி முடித்தார்.

பாலமும் நான் எழுதியதுதான். "ஆற்றின் மேல் பாலம் கட்டி முடித்துவிட்டோம்!" கூட்டம் தட்டிய தட்டில் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை, அக்கரையில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவைத் தவிர. தோணியில் வந்து இறங்கி, "பாலத்துல நடந்து நடந்து கால் வலிக்குதுடா" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். ஆறு வருடமாகப் பேச்சில்லை.

மந்திரி தோற்றார். எனக்கு ஒரு நாளிதழில் வாரப் பத்தி கிடைத்தது. பழக்க தோஷம், முதல் வாரமே அடைப்புக்குறிகள் அப்படியே அச்சாகிவிட்டன. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். வாசகர்களோ சொன்னபடி செய்தார்கள்! பேருந்தில் கை தட்டினார்கள். ஒரு பல் மருத்துவமனையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து தண்ணீர் குடித்தார்களாம்.

"நீங்க என்ன எழுதுறீங்கன்னு யாரும் பாக்கல சார்," என்றார் ஆசிரியர். "அடைப்புக்குறிய மட்டும் குறைச்சிடாதீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாரம் பாலத்தைப் பற்றி எழுதினேன். ஒரு குறிப்புகூடப் போடவில்லை. மூன்று முறை சரிபார்த்து அனுப்பினேன்.

காலையில் தாளைப் பிரித்தால்: "பாலம் கட்டவே இல்லை. அந்தப் பொய்யை எழுதியவன் நான். (பலத்த கைதட்டல்.) அக்கா, என்னை மன்னித்துவிடு. (கைக்குட்டையை எடுக்கவும்.)"

"மொட்டையா இருந்துச்சு, நானே போட்டுட்டேன்," என்றார் ஆசிரியர் பெருமையாக. தெருவே தட்டியது. முன்னாள் மந்திரி போன் செய்து, "நானும் தட்டினேன்யா, பிரமாதம்!" என்றார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

மதியம் அக்கா வந்தாள். கையில் தாள், காலில் ஈரச் செருப்பு.

"கைக்குட்டைய எடுன்னு போட்டிருக்கியே, அது எனக்கா, உனக்கா?"

"அத நான் போடலக்கா. ஆசிரியர் போட்டாரு."

"அப்ப மன்னிப்பு கேட்டது யாரு?"

அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜ அழுகை. சட்டைப் பையில் கைக்குட்டை இருந்தது. எடுத்தேனோ, தொலைந்தேன்; ஆறு வருடம் அறுபது வருடமாகிவிடும். மூக்கு ஒழுக ஒழுகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா தாளைப் பார்த்தாள். என் மூக்கைப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"எடுத்துத் தொடைடா, சகிக்கல," என்றாள். "நாலு மணித் தோணியில நீயும் வர்ற. துடுப்பு நீதான் போடணும்."