தைத்த விண்ணப்பம்

மகளிர் தொழில் மானியம் பற்றிய அறிவிப்பை அரசு பத்திரிகையில் வெளியிட்டிருந்தது. யாரும் படித்துத் தொலைத்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், பழைய ஜெனரேட்டர் ஏல விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில். அட்டைக்குள் ஒட்ட எடுத்த பத்திரிகைத் தாளில் பசை தடவும்போதுதான் அது, புத்தகம் தைத்துக் கட்டும் பைண்டர் அக்காவின் கண்ணில் பட்டது. கடைசி நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒரு கட்டிங் மெஷின். கணவர் போனதிலிருந்து பன்னிரண்டு வருடமாகக் கத்தியால் காகித விளிம்பு வெட்டியே வலது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. "இன்னும் ஆறு மாசம் இப்படியே வெட்டினீங்கன்னா டம்ளர்கூடப் பிடிக்க முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சான்றிதழ், உறுதிமொழி என்று பத்தொன்பது தாள் சேர்ந்தது. உதிரியாகக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்களே என்று பயந்தவள், தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். நூலால் தைத்து, முதுகுக்கு நீலத் துணி ஒட்டி, விளிம்பை நூல் பிடித்தாற்போல் வெட்டிப் புத்தகமாக்கிவிட்டாள்.

"அண்ணி, இதுக்கு மானியம் குடுக்க மாட்டாங்க, பரிசுதான் குடுப்பாங்க" என்றாள் கூடவே இருக்கும் நாத்தனார்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. பசை காயட்டும்."

கொடுத்து மூன்று மாதமாகியும் பதில் இல்லை. அலுவலகத்துக்கு நேரில் போனாள். கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். மேலதிகாரி வந்தால் மட்டுமே நேரும் காரியம் அது. அவருக்குப் பின்னால், கண்ணாடி அலமாரியில், விளையாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் அவளுடைய விண்ணப்பம்.

"நீங்கதானா அது! வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டுறேம்மா."

"மானியம் என்னாச்சு சார்?"

"அதுலதான் சிக்கல். தாளை மூணு பிரிவுக்குப் பிரிச்சு அனுப்பணும். இவ்ளோ அழகா தைச்சிருக்கீங்க, பிரிக்க யாருக்கும் மனசு வரல."

"ஒரு நூலை அறுத்தா போதுமே சார். இப்பவே அறுத்துத் தர்றேன்."

"பிரிவுகளுக்கு அனுப்ப வேண்டிய தேதி முடிஞ்சுபோச்சேம்மா. அடுத்த வருஷம் போடுங்க. தைக்காம போடுங்க."

கையோடு ஒரு வேலையும் கொடுத்தார். மானியம் பெற்ற பெண்களின் பட்டியலை அமைச்சர் மேடையில் வெளியிடப்போகிறார். நான்கு பிரதிகள், இதே நீலத் துணி, நாளை மறுநாளைக்குள். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை.

இரண்டாவது பிரதியிலேயே விரல்கள் மரத்துவிட்டன. நான்காவதுக்கு நாத்தனார், கத்தி பிடித்த அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். விளிம்பு அலையலையாக வந்தது.

கண்காணிப்பாளர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். "அதுல இருந்த நேர்த்தி இதுல இல்லையேம்மா."

"அதைத் திருப்பிக் குடுத்துடுங்க சார். என் அசல் சான்றிதழெல்லாம் அதுலதான் இருக்கு. அடுத்த வருஷம் போடணும்ல."

"அது எப்படிம்மா? இருப்புப் பதிவேட்டுல ஏத்தியாச்சு. இப்போ அது ஆபீஸ் சொத்து."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. பழக்கத்தில் வலது கையை மேல் கம்பிக்கு உயர்த்தினாள். விரல்கள் கம்பியைத் தொட்டன, மடங்கவில்லை. பின்னால் யாரோ இடித்தார்கள். இடது கைக்கு மாறிக்கொண்டாள்.